பதினாறாவது வரிசை

உன் கணவர் கொடுத்தனுப்பிய பிளாப்பி வட்டுப் பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. நீ மவுத்தாகி, உன்னை அடக்கி மூன்று மாதம். மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் உன் கையெழுத்து: ‘உயரம் 15’. பதினைந்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் 16 என்று எழுதியிருக்கிறாய்.

பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்த நாட்களிலேயே, கட்டம் கட்டமாக நிரப்பித் தமிழ் எழுத்துகளைக் கணினிக்கு வரைந்தவள் நீ. உன் எழுத்து வேறு கணினிகளில் தெரியாது என்பதால், அந்த எழுத்தில் தட்டிய கோப்பைப் படமாக மாற்ற ஒரு சின்ன நிரலும் எழுதினாய். அதில் சுட்டியால் அழுத்த ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கோப்பின் பெயரையும் எழுத்தின் உயரத்தையும் தட்ட வேண்டும், அவ்வளவுதான். “இது ஆருக்குக்கா உதவப் போகுது?” என்று கேட்டேன். “ஒராளுக்காவது உதவும்” என்றாய்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த கிழமை அது உதவியது. இறந்தவர்களை அடக்கியவர்கள் பெயர் சொல்லச் சொல்ல, பள்ளிவாசல் முகாமிலிருந்து நீ தட்டினாய். பட்டியலைப் படமாக்கி, அச்சடித்து, மற்ற முகாம்களுக்கும் அனுப்பினாய். அந்தத் தாளில் எந்த எழுத்தின் தலையிலும் புள்ளி இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ‘அபதுல’ என்று இருந்தால் அப்துல் என்று வாசித்துக்கொண்டோம்.

என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு இரண்டே பிள்ளைகள், றிபாஸும் றிபாஸாவும். மகள் அவளுடைய கையிலிருந்து நழுவிப் போனாள். மகன் பந்தடிக்கப் போயிருந்தான். தாளை ராத்தாவிடம் கொண்டுபோனது நான்தான். அதில் பிள்ளைகளுடைய வாப்பாவின் பெயரோடு ‘றிபாஸ’ என்று இருந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் கேட்டாள்: “மகள்தானே?” கடைசியில் துணைக்கால் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று நினைத்தேன். மற்றப் பெயர்களுக்கெல்லாம் மனதுக்குள் புள்ளி வைத்து வாசித்த நான், அதற்கு மட்டும் வைக்கவில்லை. “ஓம்” என்றேன்.

அந்தப் பெயரைப் பட்டியலுக்குச் சொன்ன மனிதர் யாரென்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

இறந்த மகளுக்காக ஆண்டுதோறும் ராத்தா லெப்பையை அழைத்துக் கத்தம் ஓதுவிக்கிறாள். மகனுக்கு ஓத விடமாட்டாள். “மையத்துக் கிடைக்காத புள்ளைக்கு என்னத்துக்குக் கத்தம்? அவன் எங்கயோ இரிக்கான்.” அவனைப் பாலமுனையில் கண்டதாக யாரோ சொன்னபோது, போட ஒரு சேட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டியல் வந்து ஒரு மாதத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். ராத்தா மகளுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். பிளேன்டீ ஆறும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாசலில் வைத்து என்ன விஷயம் என்று கேட்டேன். “சொல்ல வந்தது மறந்திட்டு புள்ள” என்றாய். நீ எதையும் மறக்கிறவள் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் திருப்பிக் கேட்கவில்லை.

போன கிழமை, இரவல் வாங்கிய கருவியில் உன் பிளாப்பியைச் செருகி, அதிலிருந்த பட்டியலுக்கு அந்த நிரலை ஓட்டினேன். முதலில் உயரம் பதினைந்து. ராத்தாவிடம் கொண்டுபோன அதே பட்டியல் வந்தது. பிறகு பதினாறு. புள்ளிக்கென்று நீ ஒதுக்கியிருந்த மேல் வரிசை இப்போது சேர்ந்து வந்தது. அபதுல, அப்துல் ஆனார். றிபாஸ, றிபாஸ் ஆனான். அடக்கப்பட்டவன் மகன். கிடைக்காமலே போனவள் மகள்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நீ ஒரு வரிசையைக் குறைத்தாய்; பிழையாக வாசித்துக் காட்டியவள் நான். ஆனால் நீ தெரிந்துகொண்டுதான் அந்தப் பிளேன்டீயைக் குடித்தாய்.

இன்று கத்தம். ஓத வந்த லெப்பையிடம் கொடுக்க மகளின் பெயரை எழுதச் சொல்லி ராத்தா தாளை நீட்டினாள். ‘றிபாஸ’ வரை எழுதினேன். பேனை நின்றுவிட்டது.

“என்னகா, புள்ளைட பேரும் மறந்திட்டா?”

தாளை அப்படியே கொடுத்தேன். லெப்பை வழக்கம்போல றிபாஸா என்று வாசித்தார். ராத்தா ஆமீன் சொன்னாள். அன்று வாசலில் நீ விழுங்கிக்கொண்டு போன புள்ளி இப்போது என்னிடம் இருக்கிறது.