ஒரு மணி நேரப் பிழை

நவம்பர் 3, 2025

மெட்ரோ வேலையால் குமணன்சாவடியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. நின்றபடியே மார்கரெட் அம்மாவின் மின்னஞ்சலை மறுபடி படித்தேன். வயது எண்பத்தெட்டு. உலகப் போரின்போது மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் இருந்த போர்விமான ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) தளபதியுடைய மகள், இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார். அந்த ஸ்குவாட்ரனின் வரலாறுதான் என் முனைவர் ஆய்வு. பன்னிரண்டு ஹரிக்கேன் விமானங்கள். துறைமுகத்துக்குக் குண்டுபோட வருகிறவர்களை மறிப்பது வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மறிக்கவில்லை. அறுபத்தோரு பேர் செத்தார்கள். ஊரில் அபாயச் சங்கு ஊதியது 10.20, விமானங்கள் கிளம்பியது 11.22, ஆகவே தளபதி தயங்கினார் என்று போன வருடம் கட்டுரை எழுதினேன்.

"அப்பா மேல் ஊரார் எப்போதும் பழி சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கொடுத்தது நீங்கள்தான். சரியாகப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்.

பார்த்தேனே! அதெப்படி என்னைக் கேட்கலாம்?

நவம்பர் 5

வேலப்பன்சாவடியில், எங்கள் கல்லூரி நூலகத்தில் நகல்களை விரித்தேன். விமானங்கள் கிளம்பிய நேரத்தை ஸ்குவாட்ரன் குறிப்பிலிருந்தும், சங்கு ஊதிய நேரத்தை அந்த ஊர் மாதா கோயிலின் பங்குப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தேன். கோயில் புத்தகத்தில் தப்பு இருக்காது — ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டியே வளர்ந்தவள் நான், சரிபார்க்கத் தோன்றவே இல்லை.

அதே வாரம் இறந்த ஒரு பைலட்டின் அடக்கம் இரண்டிலும் இருக்கிறது. ஸ்குவாட்ரன் குறிப்பில் மாலை நான்கு மணி. பங்குப் பதிவேட்டில் மூன்று.

ஒரே ஆள். ஒரே குழி. எப்படி இரண்டு நேரம்?

ஏசுவே!

நவம்பர் 8

அந்த மாதா கோயிலுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது. போருக்காக அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறது. அப்போதிருந்த பங்குச் சாமியார் பிடிவாதக்காரர், கோபுரக் கடிகாரத்தைத் தொடவே விடவில்லையாம்.

அப்படியென்றால் ஸ்குவாட்ரன் கடிகாரப்படி சங்கு ஊதியது 11.20. இரண்டே நிமிடத்தில் கிளம்பியிருக்கிறார்கள்! குண்டுபோட வருகிறவர்களின் உயரத்துக்கு ஹரிக்கேன் ஏற இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

நவம்பர் 10

என் வழிகாட்டி பூபாலன் சாரிடம் சொன்னேன். "இருபத்தெட்டு கடைசி தேதிம்மா. தவறினா பதிவே ரத்து. இருக்கிறதைக் குடுத்துடு. பூந்தமல்லில உக்காந்து எழுதுன தீசிஸை எவன் அந்தத் தீவுல செக் பண்ணப் போறான்?"

நல்லவர்தான். என்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் அந்தத் தயக்கத்தின் மேல்தான் கடைசி மூன்று அத்தியாயங்களும் நிற்கின்றன. அதை எடுத்தால் என்ன மிஞ்சும்?

நவம்பர் 11

என் கணவர் ஆன்டோ ஆவடி ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சு வருசமா எழுதிக்கினு கீற. இப்பப் போய் கிழிக்கிறேன்றியே, இன்னா ரெனி இது?"

செத்தவர் வந்து கேட்கவா போகிறார் என்று பழியைத் தளபதியின் தலையில் கட்டிவிடுவதா? என் கை கூசாதா? மாட்டேன். திருத்தி எழுதியே தீருவேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சமையல நான் பாத்துக்கிறேன். நீ எழுது," என்றார்.

நவம்பர் 19

நான்காம் அத்தியாயத்தை மாற்றி எழுதி முடித்தேன். ஐந்தில் பாதிக்கு மேல் எழுதியாயிற்று.

நவம்பர் 28

முடியவில்லை. ஆறாவது அரைகுறையாக நிற்கிறது. "பழசுல இப்பவும் கையெழுத்துப் போடுறேன்மா," என்றார் சார். வேண்டாம் என்றேன். ஐந்து மணிக்கு ஆய்வேடு வாங்கும் கவுன்டரை மூடினார்கள். நசரத்பேட்டை வரை பஸ்ஸிலேயே அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு ஆறாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

மார்ச் 9, 2026

புதிதாகப் பதிவு செய்தேன். கவுன்டரில் இருந்தவர், "ஃபர்ஸ்ட் இயரா மேடம்?" என்று என் நரைமுடியைப் பார்த்தார். "ஆமா சார், ஃபர்ஸ்ட் இயர்," என்றேன்.

போன வாரம் என் திருத்தக் கட்டுரை வெளிவந்தது. முதல் வரியே, 'நான் எழுதியது தவறு.' இன்று மார்கரெட் அம்மாவின் மகன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். எண்பது வருடமாக அலமாரிக்குள் இருந்த தளபதியின் புகைப்படத்தை அம்மா ஹாலில் மாட்டச் சொன்னாராம், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில். கொஞ்சம் கோணலாக மாட்டியிருக்கிறார்கள்.