கீத் வரைகிற வம்சமரத்தில் என் பெயர்

மனோர் பார்க், லண்டன்
12.10.2025

அன்பு மகள் துஷ்யாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், வெலிங்டனில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, ஆனாலும் பஸ்ஸில் ஏறும்போது என்னைத்தான் திட்டுகிறாள். டொக்டர் தந்த இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் விழுங்கு.

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். உன் மாமனார் கீத் ஓய்வு பெற்றதிலிருந்து வில்சன் என்கிற தங்கள் குடும்பப் பெயரின் பூர்வீகம் தேடி அலைவது உனக்குத் தெரியும். போன கிழமை ஏதோ பழைய வரிப் பட்டியலின் பிரதியோடு ஓடி வந்தார். அந்தக் காலத்தில் இவர்களுக்கும் எங்களைப்போல் தகப்பன் பெயர்தான் பின்னால் வருமாம். வில்லியத்தின் மகன் என்பதால் வில்சன், அவனுடைய மகனுக்கு வேறு பெயர். அப்படி மாறிக்கொண்டிருந்ததை யாரோ வரிக்காரன் எழுதிக்கொண்டு போக, அந்த எழுத்தே அறுநூற்றைம்பது வருடமாக ஒட்டிக்கொண்டதாம். மனிதர் சந்தோஷத்தில் என் பங்கு வடையையும் தின்றுவிட்டு, பேரப்பிள்ளைக்கு வம்சமரம் வரைகிறேன், உங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்தார். நான் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மகள், குகநாதன் என் பெயர் இல்லை. சண்டைக்குத் தப்பி வர ஏஜென்சிக்காரன் காசுக்குத் தந்த பாஸ்போர்ட்டில் இருந்த யாரோ ஒருவருடைய பெயர். ஹீத்ரோவில் இறங்கிய அன்று பயத்தில் அதையே சொன்னேன், பிறகு அகதி விண்ணப்பம், விசா, சிட்டிசன்ஷிப், உன் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதன்மேலேயே ஏறிவிட்டன. இப்போது மாற்றிச் சொன்னால் ஹோம் ஒபிஸ்காரர் இருக்கிற குடியுரிமையையும் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. உந்த மனுசனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ, ஹோம் ஒபிஸ் வரைக்கும் போயிடும் என்று கீத்துக்குப் பயந்து அம்மா அழுகிறாள்.

என் சொந்தப் பெயர் இந்த நாட்டில் ஒரே இடத்தில்தான் ஒலித்தது, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது. சின்ன வயதில் நீயும் கேட்டிருப்பாய், சாமியின் பெயரென்று நினைத்திருப்பாய். இந்த வெள்ளி கீத்தும் வருகிறேன் என்று வந்து நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றார். ஐயர் பழக்கத்தில் என் பெயரைத் தொடங்க, நான் அவசரமாக மறித்து, குகநாதன் எண்டு சொல்லுங்கோ ஐயா என்றேன். முருகனுக்கு முன்னாலும் பொய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்கு நடுப்பெயராகக் குகநாதன் என்று வைப்பதாக நீ சொன்னபோது சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். வைக்காதே மகள். அந்த மனிதர் இருக்கிறாரோ செத்தாரோ தெரியாது, அவருடைய பெயர் என் பேரப்பிள்ளையில் ஒட்ட வேண்டாம். மருமகனுக்கு நீ என்ன காரணம் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. கீத் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார், அவருக்கு நான் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

சுகப்பிரசவம் ஆகட்டும், முருகன் உங்கள் மூவரையும் காக்கட்டும். வாசித்ததும் கிழித்துப்போடு. கீழே என் உண்மைப் பெயரை எழுதத்தான் இருந்தேன், முப்பத்தாறு வருடப் பழக்கத்தில் கை குகநாதன் என்றே போகிறது. அதனால் இதை மட்டும் எழுதுகிறேன், இதில் பொய்யில்லை.

உன்
அப்பா