வெட்டிப்போட்ட அஞ்சாம் பாட்டு

3-3-72, வெள்ளி

வெயில் இப்பவே கொளுத்துது. மெட்ராஸ்லேர்ந்து கடுதாசி. படக் கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம், என் நாடகத்தை முழுசாப் படம் பிடிக்க. நான் ஒருத்தி மட்டும், ஒரு மணி நேரம், பேச்சே இல்ல. அஞ்சு பாட்டு. விட்டுட்டுப் போனவனுக்காக வாசலைப் பார்த்துட்டு நிக்கிற பொம்பளை கதை. எடம்: காரிமங்கலம், காதர் பாயோட கடலைக்காய் கிடங்கு.

வேணும்: கருப்புக்கரை சேலை, இஸ்திரி. கண்மை. தொண்டைக்குச் சித்தரத்தை.

கடுதாசியில கடைசி வரி: ஆர்மோனியத்துக்குக் கம்பைநல்லூர் நாகராஜைப் பேசிவிட்டோம்.

அவனா. எட்டு வருசம் என்னோட ஒரே வூட்டுல இருந்துட்டு, மாமன் பொண்ணுக்குத் தாலி கட்டப் போனவன். ஒரு வார்த்தை சொல்லலை. அவன் போனப்புறம் நான் எழுதின பாட்டு. அதுக்கு அவனே வாசிக்கணுமாம்.

5-3, ஞாயிறு

விளக்கு போட்டா கிடங்கு அடுப்பு மாதிரி. டைரக்டர் சின்ன வயசு, மரியாதையாப் பேசறார்.

நாகராஜ் வந்தான். தொப்பை. "நல்லாருக்கியா ராஜம்?" விளக்குக்கு முன்னாடி போய் நின்னுட்டேன்.

நாலு பாட்டு முடிஞ்சுது. நல்லாத்தான் வாசிச்சான். அதுவும் எரிச்சல்.

சாயந்தரம் உதவி ஆள், படத்துல காட்டற அட்டையில பேர் எழுதறான். நடிப்பு: ராஜம். பாடல்கள்: நாகராஜ்.

"யார் சொன்னது?"

"ஆர்மோனியக்காரர்தாங்க."

நாகராஜ் தரையைப் பார்த்துட்டு, "மெட்டுப் போட என்கிட்டத்தானே கத்துக்கிட்ட" ங்கறான்.

"அஞ்சாம் பாட்டு மொத வரி சொல்லு."

அவன் ஆர்மோனியத்தை மூடறான். கதவோரம் நின்ன காதர் பாய், "தம்பி, நீங்க வுட்டுட்டுப் போன வருசம் இந்தம்மா இங்கதான் கடலைக்காய் ஒடைச்சுது. மூட்டை மேல உக்காந்து எழுதும். நான் பாத்திருக்கேன்" ன்னார்.

அட்டையைக் கிழிச்சேன். யாரும் தடுக்கலை.

6-3, திங்கள்

நாகராஜ் வரலை. மொத பஸ்ஸுக்கே போயிட்டானாம்.

அஞ்சாம் பாட்டு ஆர்மோனியம் இல்லாம. அதுல அந்தப் பொம்பளை அழமாட்டா. நீ வந்தாலும் இனி இங்க எடமில்லன்னு பாடிட்டு, கதவைச் சாத்திட்டுத் தன் வேலைக்குக் கெளம்புவா.

டைரக்டர்: "கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்ங்க."

"அழற பாட்டு நேத்தே முடிஞ்சுதுங்க."

ஒரே தடவையில பாடிட்டேன். புது அட்டை நானே எழுதிக் குடுத்தேன். பாடல்கள், நடிப்பு: ராஜம்.

13-8, ஞாயிறு

தூறல். தர்மபுரியில ஒரு பள்ளிக்கூட ஹால்ல மத்தியானம் படம் போட்டாங்க. காதர் பாயும் அவர் சம்சாரமும் கூட வந்தாங்க.

பேர் சரியா வந்துச்சு. நாலு பாட்டும் அப்படியே. அப்புறம் விளக்குச் சூடு தாங்காம நான் முந்தானையால கண்ணைத் தொடைச்சதைப் பெரிசாக் காட்டினாங்க. அழற மாதிரி. உடனே முற்றும். அஞ்சாம் பாட்டு இல்ல.

டைரக்டரைக் கேட்டேன். என் மூஞ்சியைப் பார்க்காம, "கம்பெனி மேலிடத்துல வெட்டச் சொல்லிட்டாங்க. பாக்கறவங்க மனசு கனத்துப் போகணுமாம்."

பின்னாடி ஒரு பொம்பளை மூக்கைச் சிந்திக்கிட்டே, "பாவம், கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே கெடக்கறா" ங்கறா.

பாவமா.

ஜனங்க எந்திரிக்கறதுக்குள்ள திரைக்கு முன்னாடி போய் நின்னேன். "உக்காருங்க. இன்னும் ஒரு பாட்டு இருக்கு."

மைக் இல்ல. மழைச் சத்தம் வேற. தொண்டை கிழியப் பாடினேன், ஒரு வரி விடாம. டைரக்டர் வெளிய போயிட்டார். அந்தப் பொம்பளை போகலை. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்தா.