ஒன்பது புள்ளிகள்

ஜூன் 20

அன்புள்ள சந்தேகப்பிராணிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நலம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நாம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அண்ணன் போனைப் பிடுங்கி "அங்கே மழையா?" என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூட விஷயத்தைக் கடிதத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

எங்கள் பள்ளிக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. உங்கள் பள்ளியில் வந்து ஒரு வருஷம் ஆகிறதே, அதில் என்னென்ன செய்கிறாய் என்று எழுது. நேற்று முக்கோணத்தின் ஒரு முனையைப் பேனாவால் பிடித்து இழுத்தேன். கோணங்கள் மாறிக்கொண்டே வந்தன, கூட்டினால் மட்டும் அதே நூற்றெண்பது. கடைசி பெஞ்சுகூட எழுந்து நின்று "இன்னொரு தடவ மிஸ்!" என்றது. முப்பது வருஷத்தில் கோணத்துக்குக் கைதட்டல் வாங்கியது இதுதான் முதல் முறை.

ஒரே ஒரு தொல்லை. புரொஜெக்டரைத் தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்து வகுப்போடு பங்கு போட்டுக்கொள்கிறோம். வண்டி நகர்ந்துவிட்டால் பலகைக்கு மறுபடி இடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் ஒன்பது குறிகள் வரும், ஒவ்வொன்றின் நடுவிலும் பேனாவால் தொட வேண்டும். நாங்கள் இதைப் புள்ளி வைப்பது என்கிறோம். நான் வைத்தால் பேனா ஓரிடத்திலும் கோடு ஒரு விரல் தள்ளியும் விழுகிறது. உங்கள் பலகையும் இப்படித்தானா?

அன்புடன்,
அண்ணி

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. டைப் அடித்து வந்திருந்ததால் ஏதோ வங்கி நோட்டீஸ் என்று நினைத்து ஒருநாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உங்கள் கையெழுத்தை வைத்து எங்கள் அம்மா எனக்குப் போட்ட திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "வந்த மருமக எழுத்தப் பாரு, உன் எழுத்தப் பாரு." அந்த எழுத்து எங்கே போயிற்று?

போர்டு பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காக மாட்டிய கண்ணாடி. இருந்தாலும் கேட்டதற்காக எழுதுகிறேன். இதயத்தின் படத்தைப் போட்டு, பாகங்களின் பெயர்களை வெள்ளைக் கட்டங்களால் மூடிவிடுவேன். பிள்ளைகள் வந்து ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும், நகர்த்துவதற்கு முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, வேண்டுமென்றே தப்பாக ஒரு படம் போட்டுவைப்பது. டீச்சர் தப்பு செய்தார் என்று நிரூபிக்க அவர்கள் படும் பாட்டில் பாடம் தானாக ஏறிவிடுகிறது. உங்கள் நிரூபணங்களுக்கும் சரிவரும், ஒரு வரியை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கோடு தள்ளி விழுவது உங்கள் குற்றமில்லை. மட்டமான பலகையைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். விடாதீர்கள். தலைமையாசிரியையிடம் புகார் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த கடிதம் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

உங்கள்
நாத்தனார்

ஜூலை 19

அன்புள்ள சந்தேகப்பிராணிக்கு,

தப்பு வரி அமோகம். ஒருத்தி கண்டுபிடித்துவிட்டு, "மிஸ்ஸே தப்பு பண்ணா எங்களுக்கு ஏன் மார்க் குறைக்கிறீங்க?" என்று கேட்டாள். உன்னைப் போலவே வருவாள்.

புகார் கொடுத்தேன். மெக்கானிக் வந்தார், புள்ளி வைத்தார், சரியாக இருந்தது. அவர் போனார், வண்டி நகர்ந்தது, நான் வைத்தேன், பழைய கதைதான். திரும்பவும் வந்து, திரும்பவும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பத்தாம் வகுப்பை ஆறாவதிலிருந்து நான்தான் எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பின்னம் என்றால் அழுத பிள்ளைகள். பரீட்சை வாசல்வரை நானே கொண்டுபோய் விட வேண்டும். வேறெந்த ஆசையும் இப்போது இல்லை. தலைமையாசிரியை நேற்று, "போர்டு கஷ்டமா இருந்தா சொல்லுங்க, இந்த வகுப்ப வேற யாருக்காவது மாத்திடலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

டைப் அடிப்பது இப்போது பழகிவிட்டது. கோபிக்காதே.

அண்ணி

ஜூலை 28

அன்புள்ள அண்ணிக்கு,

படித்ததும் ரத்தம் கொதித்தது. பலகை பழுது என்றால் பலகையை மாற்ற வேண்டும், டீச்சரையா மாற்றுவார்கள்? இந்த மெக்கானிக்குகளை நான் அறிவேன். எங்கள் பள்ளிக்கு வருபவரும் "ஒண்ணுமில்ல மேடம்" என்பதைத் தவிர வேறு சொல் கற்காதவர்.

நான் சொல்வதைச் செய்யுங்கள். அடுத்த முறை அவரை வகுப்பு நடக்கும்போதே வரச் சொல்லுங்கள். தலைமையாசிரியையும் இருக்கட்டும். எல்லார் முன்னாலும் உங்கள் கையாலேயே புள்ளி வைத்துக் காட்டுங்கள். கோடு தள்ளி விழுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் யார் என்ன பேச முடியும்?

உங்கள்
நாத்தனார்

ஆகஸ்ட் 11

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன்.

முதலில் அவர் புள்ளி வைத்தார். ஒரு கோடு போட்டார். பேனாவின் அடியிலேயே விழுந்தது. அழித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் வைத்தேன். கோடு தள்ளி விழுந்தது. அவர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "டீச்சர், போர்டு நல்லாத்தான் இருக்கு. கைய கொஞ்சம் அசையாம வெச்சுத் தொடுங்க." இன்னொரு முறை வைத்தேன். ஐந்தாவது புள்ளியில் பேனா தானாகவே இரண்டு முறை தட்டியது. முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அந்தப் பேனா வழுக்கும் சார்" என்றாள். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷத்திலிருந்தே வலது கை நடுங்குகிறது. இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒரு பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குறையாது, மெதுவாக்கலாம் என்றார்கள். சாக்பீஸ் காலத்தில் பலகையில் அழுத்திப் பிடித்தால் எழுத்து நிற்கும். இந்தப் பலகையை அழுத்தினால் திரையில் பக்கம் புரண்டுவிடுகிறது. பழியை அதன் மேலேயே போட்டுக்கொண்டேன். உனக்குத்தான் அந்தப் பலகையைப் பிடிக்காதே, நீயும் நம்பிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ நம்பியதால் நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

உன் அண்ணனிடம் சொல்லாதே. போர்டைத் தொடாமல் பாடம் நடத்த யோசனை இருந்தால் எழுது. உனக்கு யோசனைக்கா பஞ்சம்?

அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பல தடவை படித்தேன். "நீ சொன்னபடியே செய்தேன்" என்ற முதல் வரியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பக்கங்களை முந்தின நாளே வீட்டில் கம்ப்யூட்டரில் தயார் செய்துவிடுங்கள். வகுப்பில் பக்கம் மாற்ற ஒரு சின்ன ரிமோட் போதும், மேசைக்கு அடியில் இடது கையில் வைத்துக்கொள்ளலாம். திரையில் ஒரு வட்டத்தைத் தவிர மற்றதை இருட்டாக்கும் வசதி இருக்கிறது, சுட்டிக்காட்டக் கை வேண்டாம். வரைவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "அங்கிருந்து செங்குத்தாக" என்று சொல்லச் சொல்ல ஒருத்தி போடட்டும். புள்ளி வைக்கும் வேலையை வாரம் ஒருத்தி என்று முறை வைத்துக் கொடுங்கள். இதெல்லாம் நவீன முறை என்று தலைமையாசிரியை பாராட்டக்கூடச் செய்வார்.

நல்ல டாக்டர்தானா? நான் வந்து கூடப் போகட்டுமா? அண்ணனுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்?

உங்கள்
நாத்தனார்

அக்டோபர் 6

அன்புள்ள சந்தேகப்பிராணிக்கு,

கையால் எழுதச் சொன்னாயே, எழுதியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று சொல்லாதே.

உன் யோசனைகள் எல்லாம் பலித்தன. நான் வகுப்புக்குள் நுழையும்போதே புள்ளி வைத்து முடித்திருப்பார்கள். பாராட்டும் வந்தது, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். போன வாரம் வட்டத்துக்குத் தொடுகோடு. வாயால் எத்தனை சொல்லியும் போர்டில் நின்ற பிள்ளைக்கு வரவில்லை. பழக்கதோஷம், எழுந்து போய்ப் பேனாவை வாங்கிவிட்டேன். பாதி வட்டம் வருவதற்குள் அவள் என் கையிலிருந்து பேனாவை எடுத்து, "நான் போடுறேன் மிஸ், நீங்க உக்காருங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வகுப்பு முழுக்கக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எழுத அங்கே ஒன்றுமே இல்லை.

ஆறாவதில் நான் கை பிடித்து எழுதவைத்த பிள்ளைகள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் நானே சொல்லிவிட்டேன். திங்கள் முதல் புது டீச்சர். எனக்கு நூலகம்.

உன் அண்ணனுக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே எனக்கு டீயை முக்கால் டம்ளர்தான் ஊற்றித் தருகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனிமேல் யோசனை எழுதாதே. வேறு ஏதாவது எழுது.

அண்ணி

அக்டோபர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

வேறு ஏதாவது எழுதச் சொன்னீர்கள். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கள் தெருவில் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. இவ்வளவுதான் செய்தி.

இன்று காலை வகுப்பில் புள்ளி வைத்தேன். ஒன்பதும் ஒரே மூச்சில் முடிந்தது, கோடு பேனாவின் அடியிலேயே விழுந்தது. இத்தனை நாள் என் கையை நான் கவனித்ததே இல்லை. பரீட்சை வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்று எந்த வகுப்பைப் பற்றியும் நான் நினைத்தது கிடையாது. எனக்கு எதற்கு இந்தக் கை? பேனாவை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். ஒருத்தி, "போர்டு ரிப்பேரா மிஸ்?" என்றாள். இல்லை, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமை வருகிறேன். யோசனை எதுவும் கொண்டுவரவில்லை. எனக்கும் முக்கால் டம்ளர் போதும் என்று அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள்
நாத்தனார்