பெட்டியில் வந்த பைப்

அன்புள்ள இருதயமேரிக்கு,

ஷார்ஜாவில் நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

எங்கள் கேரேஜுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. வேகம் கூட்ட டர்போ மாட்ட வேண்டும். முதலாளி ரெடிமேட் கிட் வாங்கி வந்தார். அதில் பைப் இரண்டு விரற்கடை குட்டை.

"சார், இது உக்காராது. அளவெடுத்து நானே வெல்டிங் பண்ணிக் குடுத்துடறேன்" என்றேன்.

அவர் நம் திண்டிவனத்துக்காரர்தான். "பெட்டியில வந்தது தப்பா இருக்குமா? பேஜாரு பண்ணாம ஜல்தியா இழுத்து மாட்டுய்யா" என்றார்.

மாட்டினேன். வண்டியை முடுக்கியதும் சூடேறிய பைப் பிடுங்கிக்கொண்டது. யோசிக்காமல் பிடித்துவிட்டேன். இரண்டு கையிலும் லேசாகச் சூடு, அவ்வளவுதான். வேறு இடம் போகலாமென்றால் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே, பக்கத்துக் கட்டில் பூவரசன் எழுதுகிறான். நெட் சரியில்லை, அதனால்தான் வீடியோவில் வரவில்லை.

யாராவது வந்தால் மல்லாட்டை வறுத்துக் கொடுத்தனுப்பு, தோலுரித்துக் கடலையாகவே அனுப்பு. சட்டை இந்த முறை நீ தைக்க வேண்டாம். தலைவழியாகப் போடுகிற ரெடிமேட் டீசர்ட் போதும், தொளதொளவென்று இருக்கட்டும்.

பூவரசனுக்கு டியூட்டி வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். பட்டன் மட்டும் வேண்டாம் மேரி. தினமும் இவனையே போட்டுவிடச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உன்
சவரிராஜ்