ஏரி வறண்ட மாதத்தில் பார்த்தது

உன் ரப்பர் பூட்ஸை இன்று காலை ஆபீஸ் பீரோவிலிருந்து எடுத்தேன். நீ போய் ஒரு வருஷமாகியும் அந்த நாற்றம் போகவில்லை. ஏரிச் சேறும் நாரை எச்சமும் கலந்த நாற்றம். "சீ, சனியனே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் அதையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் ஏரியின் ஃபைல் மறுபடியும் வந்திருக்கிறது. மேற்குக் கரையில் கிடங்கு கட்டின கம்பெனிக்காரர்கள் இப்போது கிழக்குக் கரையிலும் கட்டப் போகிறார்களாம். பறவைகள் கூடு கட்டும் இடம் என்று எங்கள் பறவைக் கணக்கெடுப்பு அறிக்கை சொன்னால் அனுமதி கிடைக்காது. இல்லை என்று சொன்னால் கிடைத்துவிடும். இன்று மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும்.

முதல் முறை நாம் இரண்டு பேரும் கணக்கெடுக்கப் போனது சித்திரை வெயிலில். ஏரியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கருவேல மரங்களில் ஒரு காக்காய்கூட இல்லை. நீ பைனாகுலரை வெளியே எடுக்கவே இல்லை. "எண்றதுக்கு இன்னாடீ இருக்குது இங்க? வா, மோர் குடிச்சிட்டுப் போலாம்" என்றாய். 'பறவைகள் காணப்படவில்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கம்பெனிக்காரர்கள் சித்திரையில் அனுப்பினார்கள், நாமும் போனோம். ஏன் இந்த மாதம் என்று கேட்கத் தோன்றவில்லையே! நம் வேலையில் அதைவிட மடத்தனம் கிடையாது.

மழையெல்லாம் முடிந்து, தை மாதம் நீதான் என்னை ஸ்கூட்டியில் கூட்டிப்போனாய். ஏரி நிறைந்திருந்தது. மேற்குக் கரையில் கிடங்கு; மரங்கள் போயிருந்தன. கிழக்குக் கரையில் மிச்சமிருந்த ஏழெட்டு மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருந்தன. இடம் கிடைக்காதவை சுற்றிச் சுற்றிப் பறந்தன. நீ பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி நின்றாய். "நாம பொய் சொல்லலடீ. ஆனா நம்ம கையெழுத்தாலதான் இதுங்களுக்கு எடம் போச்சு" என்றாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதற்கப்புறம் எந்த அறிக்கையானாலும் நீ முதல் வரியில் எந்த மாதம் பார்த்தோம், ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று எழுத ஆரம்பித்தாய். அந்த ஒரு வரியால் அதிகாரிகள் மழைக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள். கம்பெனிக்காரர்கள் உன்னைத் திட்டாத திட்டில்லை. உனக்கும் பயம்தான். ஒரு தடவை பேனா பிடித்த உன் விரல் நடுங்கியதை நான் கேலி செய்தேன். "கை நடுங்குனா கையெழுத்து கோணலா வரும், அவ்ளோதானே? வரட்டும்டீ" என்றாய். மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேரும்வரை அந்த வரியை நீ விட்டதில்லை.

இந்த முறையும் என்னை வறண்ட ஏரிக்குத்தான் அனுப்பினார்கள். நேற்று சாயங்காலம் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து, முகூர்த்தப் பட்டுப்புடவை ஒன்றைப் பெட்டியோடு மேஜையில் வைத்தார். "அந்த மொத வரி மட்டும் வேணாம் மேடம். எதுக்கு வம்பு?" என்றார். நான் பெட்டியை அவர் பக்கமே நகர்த்தினேன். அவர் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "பாப்பாவுக்கு நாலு மணிக்குத்தானே ஸ்கூல் வுடுது? வேன்ல வருதா, நடந்துக்கினு வருதா?" என்று சிரித்தார்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றால் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். நீ இருந்தால் இரண்டு கையெழுத்து இருக்கும். இப்போது என்னுடையது மட்டும்தான்.

இரண்டேமுக்கால் ஆகிறது. முதல் வரியை எழுதிவிட்டேன்: 'ஏரி வறண்டிருந்த சித்திரையில் பார்த்தது.' அடுத்த வரி: 'தை மாதத்தில் கிழக்குக் கரை மரங்களில் நாரைக் கூடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.' 'நான்' என்று எழுத வரவில்லை. கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாத அளவு கோணிக்கொண்டு வந்திருக்கிறது. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அனுப்பியாயிற்று. மகளுக்குப் பள்ளிக்கூடம் நாலு மணிக்குத்தான் விடும். நான் இப்போதே கிளம்புகிறேன்.