ஆறு தூசி மெஷின்களும் வீட்டுப் பட்டியலும்

திருகோணமலை,
3.12.1991

அன்புள்ள அண்ணா யோகலிங்கத்துக்கு,

அப்பாவின் கண்ணாடி உடைந்துவிட்டதால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், விடச் சொன்னாலும் விடமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். நாங்கள் மூவரும் சுகம். ரொறன்ரோக் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க அம்மா தினமும் பிள்ளையாரைக் கேட்கிறா.

அந்தப் பழைய தூசி உறிஞ்சும் மெஷின்களை எறியுங்கோ, ஆராவது குண்டென்று நினைத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை அதுதான் நடக்கப் பார்த்தது. இப்போது ஆறு இருக்கிறது அண்ணா. ஆறாவதைப் பழைய இரும்புக் கடை ஜவாஹிர் நானா கப்பல்துறையிலிருந்து அரிசிச் சாக்கில் கொண்டுவந்து, "இந்தாங்க மாஸ்டர், இன்னொரு வெள்ளைக்காரக் கிழவி" என்று இறக்கினார். எல்லாம் பிரிட்டிஷ் நேவிக்காரர் பங்களாக்களில் விட்டுப்போனவை. எங்கள் சீமெந்துத் தரையைக் கூட்டத் தும்புத்தடியே போதும், ஆனாலும் அப்பா ஒவ்வொன்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிழிந்த தூசிப் பைகளை அம்மாவின் சேலையில் தைத்து ஓடவைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது ஓடுகிறதென்று சொல்லுவார். நான் மூன்றுதான் சரியாகச் சொல்லுவேன்.

செவ்வாய் காலை சுற்றிவளைப்பு. வீடு பார்க்க வந்த ஆமிக்காரர் கட்டிலுக்குக் கீழே நீட்டு இரும்பு உருளையையும் குழாயையும் கண்டதும் பின்னுக்குப் போனார்கள். அப்பா டொக்யார்டில் வேலை செய்யும்போது பழகிய சிங்களத்தில் விளங்கப்படுத்தியும் ஆமிப் பெரியவர் நம்பவில்லை. கரண்டும் இல்லை. கரண்ட் வந்ததும் ஓட்டிக் காட்டு, ஓடாவிட்டால் மெஷினோடு நீயும் முகாமுக்கு என்றார். அப்பா அவருக்கு ஒரு கதிரை போட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. அப்பா குசினியிலிருந்து ஒரு கை சாம்பல் அள்ளிவந்து பெரியவரின் சப்பாத்துக்கு முன்னால் பரப்பி, குழாயை அதில் வைத்து சுவிட்சைப் போட்டார். சாம்பல் உள்ளே போகவில்லை அண்ணா, பெரியவரின் முகம்வரை பறந்தது. ஆமிக்காரரின் துவக்குகள் நிமிர்ந்தன. அப்பா குனிந்து சுவிட்சைத் தேட, கண்ணாடி விழுந்து அவர் காலாலேயே நொறுங்கியது. தான் பயப்படவில்லை என்று எழுதச் சொல்கிறார். பயந்தார்.

அப்போது அம்மா ஓடிவந்து, "ஐயோ சேர், அது நான்! ஈர விறகு பத்தேல்லை எண்டு அடுப்பூத, குழாயைப் பின்பக்கம் மாத்திப் பூட்டினனான்!" என்றா. இந்த மெஷின் முன்னால் உறிஞ்சும், பின்னால் ஊதும். அப்பா துவக்குகளை மறந்து, "எத்தினை நாளா இந்த வேலை?" என்று கத்த, "மாரி துவங்கின நாளில இருந்து. இதுகளாலை எனக்கு வேறை என்ன பிரயோசனம்?" என்று அம்மாவும் கத்தினா. பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சண்டை விளங்கிவிட்டது. சாம்பல் முகத்தோடு அவர்தான் முதலில் சிரித்தார். அப்பா குழாயை முன்னுக்கு மாற்றி அவருடைய சப்பாத்து, காற்சட்டை எல்லாவற்றையும் உறிஞ்சித் துப்புரவாக்கினார்.

ஆமிக்காரர் பார்ப்பதற்காகக் கதவில் தொங்கும் வீட்டு ஆட்கள் பட்டியலில் எங்கள் மூன்று பேரின் பெயருக்குக் கீழே 'தூசி மெஷின் 6' என்று எழுதி, கையொப்பமும் வைத்துவிட்டுப் போனார் பெரியவர். அடுத்த முறை வருகிறவர்கள் கேட்கமாட்டார்களாம். "இனி அதுகளும் பட்டியலிலை இருக்கிற ஆக்கள், எறிய ஏலாது எண்டு எழுது பிள்ளை" என்கிறார் அப்பா. அம்மாவுக்கு விறகு நனையாமல் வைக்கத் தகரக் கொட்டில் ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

அம்மா சொல்கிறா, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடட்டாம், காதை மூடிக்கொண்டு வெளியே போகட்டாம். அப்பா சொல்கிறார், எங்கள் ஆறில் நிமிர்ந்து நிற்கிற மெஷினுக்கு அங்கே பழைய சாமான் கடைகளில் ஒரு றபர் பெல்ற் தேடட்டாம், அளவுக்கு இந்தக் கடிதத்துக்குள் ஒரு நூல் வைத்திருக்கிறேன். மறந்துபோகாதீர்கள். பிள்ளையார் துணை.

உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா இரத்தினசிங்கம், அம்மா
(எழுதியது தங்கச்சி புஷ்பவதி)

நிமிர்ந்த மெஷினின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. இன்றுதான் எரிந்தது. அதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று நான் சொல்ல, அதன் வெளிச்சத்திலேயே எழுது என்று அப்பா வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்.